சிவப்பு வண்டியில் வந்த சீர்

பதினோராம் அத்தியாயம்

நாத்தனார் மாலதியின் கோபத்துக்கு ஒரு வயது நிறைந்து, இரண்டாம் வயது நடந்துகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு அவள் புதுவீடு புகுந்த நாளில், அண்ணன் மனைவி என்ற முறையில் சீர்த்தட்டை ஏந்தி வாசற்படி வரை வந்துவிட்ட பூங்கோதை, கைப்பேசி ஒலித்ததும் தட்டை அருகில் நின்ற யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டு, எங்கோ எரிந்த வைக்கோல் படப்பை அணைக்க ஓடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று படப்பு அணைந்தது, மாலதி பற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் வாயில் 'மதினி' என்ற சொல்லே வரவில்லை. 'அந்த ஆபீஸரம்மா' என்பதோடு சரி.

இன்று மாலதியின் மகள் குட்டி பூமயிலுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் அமர வேண்டும். தாய்மாமன் மாரீஸ்வரன்தான் நம் பூங்கோதையின் கணவன். போன வாரம் மாலதி தன் தாயாரிடம் சொல்லியனுப்பியதைச் சொல்லுக்குச் சொல் இங்கே தருவது முறையாகும்:

"அந்த ஆபீஸரம்மா கையால சீர்த்தட்டு என் வாசலுக்கு வரணும். இந்தத் தடவையும் பாதியில ஓடுனாக, அம்புட்டுத்தேன். அண்ணன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். என் வாசலுக்கு அண்ணனும் வர வேணாம்."

செம்மடையேந்தல் தீயணைப்பு நிலையத்தின் நிலைய அலுவலர் பூங்கோதை, ஆகவே, முன்கூட்டியே விடுப்புக்கு விண்ணப்பித்தாள். விடுப்பும் கிடைத்தது. ஆனால் பக்கத்து நிலையத்து அலுவலருக்கு அம்மை போட்டுவிட்டது. கிடைத்த விடுப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. காலையிலேயே பதில் ஆள் அனுப்புவதாக மேலிடம் உறுதி கூறியிருந்தது. பதில் ஆள் பேருந்தில் வருவதாகவும் கூறியிருந்தது. அந்தப் பேருந்து எந்த ஊர் மரத்தடியில் நிற்கிறதோ தெரியவில்லை.

அரக்கு நிறப் பட்டுப்புடவை ஒன்று, மடிப்புக் கலையாமல், மேசைக்கு அடியில் பைக்குள் காத்திருந்தது. சீருடையில் அமர்ந்திருந்த பூங்கோதை, காலால் அந்தப் பையை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் தொலைபேசி ஒலித்தது.

"வணக்கம், தீயணைப்பு நிலையம்."

"வணக்கமுங்க," என்றது ஒரு குரல். மூக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசும் குரல். "நரிப்பனையேந்தல் கம்மாயில தீப்பிடிச்சிருச்சுங்க. கருவேலம் எரியுதுங்க. வெரசா வாங்க."

"உங்க பேரு?"

"பேரா? நான்… நான் ஒரு வழிப்போக்கனுங்க."

"தீ எப்படிப் பிடிச்சது?"

"அது எப்படிங்க எனக்குத் தெரியும்? நான் வழிப்போக்கன்ல."

அந்தக் குரலுக்குப் பின்னால், வெகு தெளிவாக, இன்னொரு குரல் கேட்டது: "ஏலே மாரீசு! போனை அங்கிட்டு வச்சிட்டு ஆட்டைப் பிடிலே! ஆடு ஓடுது பாரு!"

அது பூங்கோதையின் மாமியார் முருகலட்சுமியின் குரல்.

பூங்கோதை தலைக்கவசத்தை எட்டி எடுத்தாள்.

"வழிப்போக்கரே," என்றாள் பூங்கோதை. "நான் வாரேன். யாரையும் கம்மாய்க்குள்ள இறங்க விடாதீக. அத்தையையும் மத்தவங்களையும் கரை மேல ஏத்துங்க. மிச்சத்தை நேர்ல பேசிக்கிருவோம்."

"சரி கோதை," என்று சொந்தக் குரலில் சொல்லிவிட்டு வழிப்போக்கன் தொலைபேசியை வைத்தான்.

வண்டி புறப்படும்போது, முன்னணி வீரர் சோணைமுத்து தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே கேட்டார்: "மேடம், நரிப்பனையேந்தல்னா நம்ம காதுகுத்து வீடுதானே? கிடாக்கறின்னு சொன்னாகளே?"

"தீ அணையணும் சோணைமுத்தண்ணே, அப்பறம்தான் கறி."

"அணைச்சிருவோம் மேடம்," என்றார் சோணைமுத்து. அந்தக் குரலில் பணிக்கடமையையும் மீறிய ஓர் ஆர்வம் இருந்ததை மறுப்பதற்கில்லை.

ஓட்டுநர் வாவு முகம்மதுவின் கவலை வேறு. அவருக்கு அந்தச் சிவப்பு வண்டி பெற்ற பிள்ளை மாதிரி. காலையில்தான் கழுவித் துடைத்திருந்தார். கண்மாய்ப் புழுதியை நினைத்து அவர் மனம் ஏற்கெனவே வாடியிருந்தது.

பூங்கோதை பட்டுப்புடவைப் பையையும் எடுத்து இருக்கைக்குக் கீழே போட்டுக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

*

கண்மாய்க் கரையில் அவள் கண்ட காட்சியை ஒரே பார்வையில் முழுமையாக விளங்கிக்கொள்வது யாருக்கும் கடினம்.

கண்மாய்க்குள், நடுவில், தீ. வெட்டிப் போட்ட சீமைக்கருவேல முள்ளும் காய்ந்த கோரையும் சடசடவென்று எரிந்துகொண்டிருந்தன. புகை தெற்கே, கடல் பக்கமாக, சாய்ந்து போயிற்று.

கரை மேல், கிழக்கு ஓரத்தில், ஒரு ஜேசிபி. அதன் இரு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. பலூன்கள். சாமந்தி மாலை. யானையின் துதிக்கை போல் தூக்கி நின்ற அதன் பெரிய வாளியில், சிவப்புக் கம்பளம் விரித்து, சீர்த்தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. பழத்தட்டு, பூத்தட்டு, வெல்லத்தட்டு, பட்டுப்பாவாடை வைத்த தட்டு, நடுவில் பொன் தோடு வைத்த வெள்ளித்தட்டு.

ஜேசிபிக்குப் பின்னால் நாதஸ்வரக்காரர்கள், உறவுப் பெண்கள், மாமியார் முருகலட்சுமி. எல்லோருக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துயரத்தால் அல்ல. கரையடியில் பிடுங்கிப் போட்ட மிளகாய்ச் செடிக் குவியல் ஒன்றிலும் தீ பற்றி, அந்தக் காரம் ஊர்வலம் முழுவதையும் தும்ம வைத்துக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைப்பதும் தும்முவதுமாக இருந்தார்.

எல்லோருக்கும் முன்னால், பட்டுவேட்டி கருகிய நிலையில், ஒரு கையில் காலியான பிளாஸ்டிக் வாளியும், மறு கையில் சீர்க்கிடாயின் கயிறுமாக, மாரீஸ்வரன் நின்றான்.

"வெடியா?" என்றாள் பூங்கோதை.

"அதிர்வேட்டு," என்றான் அவன், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"வெடி கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"ஊருக்குள்ள வெடிக்கக் கூடாதுன்னுதானே கோதை சொன்ன? பந்தலு தென்னங்கீத்து, பறந்து விழுந்தாப் பத்திக்கிரும்னு. அதேன் ஊருக்கு வெளிய வந்து, ஆளில்லாத இடமாப் பாத்து, கம்மாய்க்குள்ள வச்சேன். நீ பள்ளிக்கூடத்துல பேசுனப்ப சொன்ன மாதிரி பக்கத்துலயே ஒரு வாளி தண்ணியும் வச்சேன்."

"பெறகு?"

மாரீஸ்வரன் கிடாயைப் பார்த்தான். கிடாய் கரையைப் பார்த்தது.

"குடிச்சிருச்சு," என்றான்.

வாவு முகம்மது, "யா அல்லாஹ்," என்று மட்டும் சொன்னார்.

"உங்களுக்கு ஏங்க இந்த வெடி ஆசை? இத்தனை வருசம் இல்லாம?"

"நானா ஆசைப்பட்டு வெடிக்கலை கோதை."

"அப்ப வேற யாரு கேட்டா?"

"அதை மட்டும் கேக்காத. சத்தியம் பண்ணிருக்கேன்."

மேற்கொண்டு கேட்க அவளுக்கு நேரமில்லை. அவள் கரையின் உச்சிக்கு ஏறி நின்று, ஈரவிரலை உயர்த்திக் காற்றைப் பார்த்தாள்.

இப்போது வீசுவது தரைக்காற்று. தீயைத் தெற்கே தள்ளிக்கொண்டு போகிறது. அங்கே உவர்நிலம்; எரிய ஒன்றும் கிடையாது. ஆனால் வெயில் ஏற ஏறக் கடல்காற்று புரண்டு வரும். வைகாசியில் அது உச்சிப்பொழுதுக்கு முன்பே வந்துவிடும். வந்தால், இதே தீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வடக்கே நடக்கும். வடக்கே பனங்கூட்டம். ஒவ்வொரு பனையிலும் காய்ந்த ஓலை பாவாடை கட்டியது போல் தொங்குகிறது. பனங்கூட்டத்தை ஒட்டி மாலதியின் தெரு. தெருவை அடைத்துப் புத்தம்புதுத் தென்னங்கீற்றுப் பந்தல். அதன் கீழே ஊரே கூடியிருக்கிறது.

வண்டியில் இருக்கும் தண்ணீர் இந்தத் தீக்கு வாய் கொப்புளிக்கக் காணாது. தீக்கும் பனைக்கும் நடுவே எரிய ஒன்றுமில்லாத வெறும் மண்ணாக ஒரு பாதை வெட்ட வேண்டும். கையால் வெட்ட மதியம் ஆகிவிடும்.

அவள் பார்வை மெல்லத் திரும்பி, பலூன் கட்டிய ஜேசிபியின் மேல் நின்றது.

"வண்டி யாருது?"

"என்னுதுதாக்கா," என்று கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் இளைஞன் முன்னால் வந்தான். "ராம்குமார். சீர் ஊர்வலம், மாப்பிள்ளை ஊர்வலம், பொறந்தநாள், எல்லாத்துக்கும் வாரேன். வாசலுக்குப் போனதும் மேலருந்து பூ கொட்டுவேன்."

"கருவேல மரம் பிடுங்கத் தெரியுமா?"

ராம்குமார் கண்ணாடியைக் கழற்றினான். "அக்கா, அதுதான் எனக்குத் தொழிலே. இது சைடு."

"அந்த மடையிலருந்து தொடங்கி, பனங்கூட்டத்தை ஒட்டி மேற்குக் கரை வரைக்கும் வழிச்சு விடணும். ரெண்டு வாளி அகலம் இருக்கணும். முள்ளு, புல்லு எதுவும் மிஞ்சக் கூடாது. வழிச்சதைத் தீப்பக்கம் தள்ளு, பனைப்பக்கம் தள்ளாத. நான் விசில் அடிச்சா, செய்யுற வேலையை அப்படியே போட்டுட்டு மடைக்கு ஓடி வந்திரணும். புரியுதா?"

"பலூனைக் கழட்டிறவா?"

"சீரை இறக்கு."

அந்த இரண்டு சொற்களைக் கேட்டதும், இதுவரை தும்மிக்கொண்டிருந்த முருகலட்சுமி தும்மலை நிறுத்தினார்.

"சீரை எங்கன இறக்குறது?" என்றார்.

"கரையில வச்சிருங்கத்தை. ஆள் போட்டுப் பாத்துக்கிருவோம்."

"என்னத்த சொல்லுற? புறப்பட்ட சீரைத் தரையில வைக்கவா? எந்த ஊர்ல செய்வாக? வீட்டுப்படியில எடுத்தா, பொண்ணு வீட்டுப் பட்டு விரிப்புலதேன் வைக்கணும். நடுவுல மண்ணு பட்டுச்சு, அந்தச் சீருக்கு மருவாதி போச்சு. நாளைக்கு மாலதியோட மாமியா என்ன சொல்லுவாக தெரியுமா?"

"அப்ப ஆளுக்கொரு தட்டாக் கையில வச்சிருங்க."

"எம்புட்டு நேரம்? வெள்ளித்தட்டைத் தூக்கிப் பாத்திருக்கியா நீ?" அதைச் சொல்லிவிட்டு முருகலட்சுமி ஒரு கணம் நிறுத்தி, மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். "போன வருசம் வாசல் வரைக்கும் தூக்குன. அம்புட்டுத்தேன்."

அது குத்தியது. ஆனால் பதில் சொல்லும் வேளை அல்ல. புகை இப்போது நேராக மேலே எழும்பத் தொடங்கியிருந்தது. தரைக்காற்று நின்றுவிட்டது என்று பொருள். அடுத்து வரப்போவது கடல்காற்று.

பூங்கோதை சுற்றிலும் பார்த்தாள். தரையில் படாமல், தட்டுகளை வைக்கத் தகுந்த உயரமான இடம் அந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சிவப்பாக, காலையில் துடைத்த மெருகோடு பளபளத்தது.

"மேடம்," என்றார் வாவு முகம்மது, அவள் பார்வை போன திசையைக் கண்டு திகைத்து. "வேணாம் மேடம்."

"அண்ணே, வேற வழியில்ல."

"வெல்லத்தட்டுல எறும்பு இருக்கு மேடம்!"

"எறும்பு எறங்கிரும்ண்ணே. ஏத்துங்க."

வண்டியின் கூரையில் ஏணியை ஒட்டிச் சிவப்புக் கம்பளம் விரிந்தது. தட்டுகள் கைமாறி ஏறின. ராம்குமார் ஜேசிபியின் வாளியை வண்டியை ஒட்டி அவ்வளவு பதமாகக் கொண்டுவந்து நிறுத்தினான். பூத்தட்டில் ஒரு பூகூட நலுங்கவில்லை. கிடாயை யார் பிடித்துக்கொள்வது என்ற கேள்வி எழுந்தபோது, யாரும் எதுவும் சொல்லாமலேயே அது தானாக ஓட்டுநர் அறைக்குள் ஏறி வாவு முகம்மதுவின் இருக்கையில் நின்றுகொண்டது.

*

அதற்குப் பிறகு நடந்ததில் வேடிக்கை குறைவு.

பூங்கோதை சோணைமுத்துவைக் கரை மேல் காவல் நிறுத்தினாள். கண்ணைத் தீயிலிருந்து எடுக்கக் கூடாது. காற்று புரண்டால் குரல் கொடுக்க வேண்டும். மற்ற வீரர்கள் பச்சைப் புங்கங்கிளைகளை ஒடித்துக்கொண்டு, ஜேசிபி வழித்த பாதையின் ஓரமாக வரிசையாக நின்றார்கள். பறந்து வந்து விழும் பொறியை அடித்துத் தேய்ப்பது அவர்கள் வேலை.

"கிளையை ஓங்கி வீசாதீக! பொறி பறக்கும்! அமுத்தித் தேயுங்க!" என்று அவள் குரல் புகைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

அந்த வரிசையின் கடைசியில் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாரீஸ்வரனும் ஒரு கிளையோடு நின்றான்.

"நீங்க கரைக்குப் போங்க."

"வச்சவன் அணைக்கணும்ல."

"அப்ப என் வலதுகைப் பக்கமா நில்லுங்க. நான் பாக்குற இடத்துலயே நிக்கணும்."

"கல்யாணத்துலருந்து அங்கனதானே நிக்கிறேன்," என்றான் மாரீஸ்வரன். புகையில் அவன் முகம் தெரியவில்லை.

ஜேசிபி உறுமியது. கருவேல மரங்கள் வேரோடு பெயர்ந்து தீயின் பக்கம் சரிந்தன. பலூன்கள் முள்ளில் பட்டு ஒவ்வொன்றாக வெடித்தன. ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் கரை மேல் இருந்த முருகலட்சுமி, "ஏலே மாரீசு, இன்னும் வெடிக்கிறியாலே!" என்று திட்டினார்.

பாதை மேற்குக் கரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"மேடம்!" சோணைமுத்துவின் குரல் உடைந்து வந்தது. "புரண்டிருச்சு!"

கடல்காற்று வந்துவிட்டது. கன்னத்தில் உப்பு ஈரம் பட்டது. தீ ஒரு கணம் தயங்கியது. பிறகு வடக்கே முகம் திருப்பியது.

பூங்கோதை விசிலை வாயில் வைத்துக்கொண்டாள், ஊதவில்லை. ராம்குமாரின் வண்டிக்கும் தீக்கும் உள்ள தூரத்தை ஒரு கண்ணால் அளந்தாள். இன்னும் ஒரு வாளி. இன்னும் ஒன்று. கடைசி மரம் பெயர்ந்து, வெறும் மண் கரையைத் தொட்டது. அப்போதுதான் ஊதினாள். ஜேசிபி தடதடவென்று மடைப்பக்கம் ஓடியது.

தீ வந்தது. வழித்த மண்ணின் விளிம்பு வரை வந்து, நாக்கை நீட்டி, அப்பால் எதையாவது தொட முயன்று, தின்ன ஒன்றும் இல்லாமல் அங்கேயே குமைந்தது.

ஆனால் ஒரு பொறி மட்டும் உயரமாகப் பறந்தது. எல்லோர் தலைக்கும் மேலே போய், முதல் பனையின் காய்ந்த ஓலையில் அமர்ந்தது. சிறிய மினுக்கம். பிறகு புகை.

"தண்ணி!" என்றாள் பூங்கோதை. "ஹோஸை இழுங்க! அந்த ஒத்தைப் பனை மட்டும்தான்! இருக்குற தண்ணி மொத்தமும் அதுக்குத்தான்!"

குழாயின் முனையை அவளே பிடித்தாள். பின்னால் அதன் உதைப்பைத் தாங்கிப் பிடித்தவன் மாரீஸ்வரன். தண்ணீர் சீறி எழுந்து ஓலையின் மேல் அறைந்தது. ஓலை கருகி, நனைந்து, சொட்டியது. தண்ணீர் தீரத் தீரக் குழாய் தளர்ந்தது. கடைசிச் சொட்டு விழுந்தபோது புகையும் நின்றிருந்தது.

அந்தப் பனைக்கு அப்பால் பந்தலின் வெள்ளைத் தோரணங்கள் தெரிந்தன. காற்றில் அவை நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தன.

*

தீயின் மிச்சத்தைப் புரட்டி மண் போட வீரர்களை நிறுத்திவிட்டு, பூங்கோதை கரைக்கு ஏறினாள். அங்கே ஒரு புதிய செய்தி காத்திருந்தது. ஜேசிபியின் முன்சக்கரம் இரண்டிலும் கருவேல முள் ஏறிவிட்டது.

"இன்னிக்கு நகராதுக்கா," என்றான் ராம்குமார் வருத்தத்தோடு. "பூ கொட்டுறது வேணா கையால வந்து கொட்டவா?"

"நல்லநேரம் போயிக்கிட்டிருக்கு," என்றார் முருகலட்சுமி. அவர் குரலில் இப்போது கோபம் இல்லை, பயம் இருந்தது. "மாலதி வாசல்லயே நிப்பா. சீரை எப்படிக் கொண்டு போறது?"

எல்லோரும் சிவப்பு வண்டியைப் பார்த்தார்கள். பிறகு பூங்கோதையைப் பார்த்தார்கள்.

"அத்தை, அது அரசாங்க வண்டி. சொந்த வேலைக்கு எடுத்துக்கிட்டுப் போகக் கூடாது."

வாவு முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீக. டேங்குல சொட்டுத் தண்ணி இல்ல. மறுபடி புகைஞ்சா என்ன செய்யுறது? தண்ணி பிடிக்கணும்ல?"

"ஆமா, பிடிக்கணும்."

"இந்த ஊருல மேல்நிலைத் தொட்டி ஒண்ணுதான். அது எங்கன இருக்கு தெரியுமா மேடம்? மாலதியக்கா வீட்டுக்கு நேர் எதுத்தாப்ல."

பூங்கோதை அவரை உற்றுப் பார்த்தாள். அவர் மிகவும் பணிவோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி பிடிக்கத்தான் போறோம்," என்றாள் அவள்.

"தண்ணி பிடிக்கத்தான் மேடம். தட்டு தற்செயலா மேல இருக்கு."

சத்தம் இல்லாமல், மெதுவாக, தெருவோரமாகப் போய்விடலாம் என்பதுதான் திட்டம். அது நிறைவேறியிருக்கவும் கூடும், கிடாய் மட்டும் ஒத்துழைத்திருந்தால். தெருமுனையில் வண்டி திரும்பியபோது அது நிலை தடுமாறி, முன்னங்கால் இரண்டையும் சைரன் பொத்தானின் மேல் ஊன்றிக்கொண்டது. ஊன்றிய காலை எடுக்க மறுத்துவிட்டது.

சைரன் ஊரை அலறவைத்தது.

பந்தலுக்குள் இருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? தெற்கே புகை தெரிகிறது. தீயணைப்பு வண்டி தங்கள் வாசலை நோக்கியே அலறிக்கொண்டு வருகிறது. பின்னால் ஓடிவரும் உறவினர் அத்தனை பேர் கண்ணும் சிவந்து நீர் வழிகிறது. பந்தல்தான் எரிகிறது என்று முடிவு கட்டினார்கள். கிடைத்த குடம், அண்டா, வாளி அனைத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தவர்கள், எரிவது எது என்று தெரியாமல், எதிரே வந்து நின்ற வண்டியின் மேலேயே ஊற்றினார்கள். தீயணைப்பு வண்டியைத் தண்ணீர் ஊற்றி அணைத்த பெருமை நரிப்பனையேந்தலுக்கே உரியது.

வண்டியிலிருந்து முதலில் குதித்தவள் பூங்கோதை. முதலில் ஓடிவந்தவள் மாலதி. அவள் கையில் இருந்தது சீரை வரவேற்கக் கரைத்து வைத்த ஆரத்தித் தட்டு. அவளும் பதற்றத்தில் அதை வீசினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செந்நீர், அண்ணன் மனைவியின் கரிபடிந்த முகத்தில் சரியாக விழுந்தது.

கிடாய் காலை எடுத்தது. சைரன் நின்றது.

நனைந்த அமைதியில் இரு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூங்கோதை திரும்பி, ஏணியில் ஏறி, கூரையிலிருந்து அந்த வெள்ளித்தட்டை இரு கைகளாலும் எடுத்தாள். இறங்கினாள். உண்மையிலேயே கனமான தட்டுதான். சேற்றுப் பூட்ஸைப் படிக்கு வெளியே கழற்றிவிட்டு, வலதுகாலை வாசற்படியில் வைத்து, தட்டை நீட்டினாள்.

"மாலதி. சீர் வந்திருச்சு. நடுவுல எங்கயும் இறக்கலை."

மாலதியின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று எல்லோரும் எண்ணினார்கள். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அழுதாள்.

"மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தீகளா மதினி?" என்றாள்.

மதினி! முருகலட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்ப் புகை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

*

கருகிய வேட்டியோடு மாரீஸ்வரன் மணையில் அமர்ந்தான். குட்டி பூமயில் அவன் மடியில் ஏறி, மாமனின் கரிமூக்கைத் தொட்டுத் தொட்டுத் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது குத்துபவர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பந்தலே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது.

பூங்கோதையின் தோளில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. ஒலியைக் குறைக்க அவள் மறந்திருந்தாள்.

"செம்மடையேந்தல் நிலைய அலுவலர்! மாவட்ட அலுவலர் பேசுறேன். கண்மாய்த் தீ என்ன நிலைமை?"

"அணைஞ்சிருச்சு சார். உயிர்ச்சேதம் இல்லை. வீடு, பந்தல் எல்லாம் பத்திரம். இப்ப ஊருக்குள்ள தண்ணி பிடிச்சிக்கிட்டிருக்கோம் சார்."

"நல்லது. நானும் அந்தப் பக்கம்தான் வந்துக்கிட்டிருக்கேன். தீக்குக் காரணம் என்ன?"

பந்தலில் இருந்த அத்தனை காதுகளும் அந்தக் கருவியின் பக்கம் திரும்பின.

"அதானே!" என்றாள் மாலதியின் மாமியார், உள்ளிருந்து உரக்க. "எந்தக் கேடுகெட்ட பய கம்மாயில தீ வச்சது? அவனைச் சும்மா விடக் கூடாது ஆபீஸரம்மா!"

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், "காரணம் தெரியாத தீ என்று ஒன்று கிடையாது, சொல்லத் துணிவில்லாத தீதான் உண்டு" என்று பேசிவந்தவள் பூங்கோதை. அந்தச் சொற்கள் இப்போது திரும்பி வந்து அவளெதிரே நின்றன. ஒரு பொய் சொன்னால் போதும். 'தெரியவில்லை சார்' என்றால் முடிந்தது. ஓராண்டு கழித்து இன்றுதான் திறந்த இந்த வாசல் திறந்தபடியே இருக்கும்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் குழந்தையின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்து, மெல்லத் தலையசைத்தான். சொல்லு என்பது போல.

"வெடி சார்," என்றாள் பூங்கோதை. "அதிர்வேட்டு. வெடிச்சவர் பேர் மாரீஸ்வரன். என் வீட்டுக்காரர்."

பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"ஆள் இப்ப எங்க?" என்றது கருவி.

"தங்கச்சி மகளை மடியில வச்சிருக்கார் சார். காது குத்துறாக."

"அவர் மட்டுந்தானா? வேற யாருக்கும் இதுல பங்கு இருக்கா?"

மாரீஸ்வரனின் பார்வை, அவனையும் அறியாமல், ஒரு நொடி மாலதியின் பக்கம் போய்த் திரும்பியது. ஒரு நொடிதான். ஆனால் புகைக்குள்ளேயே கண்ணைத் திறந்து வைத்துப் பழகிய பூங்கோதைக்கு அது போதும். *நானா ஆசைப்பட்டு வெடிக்கலை. சத்தியம் பண்ணிருக்கேன்.*

மாலதி தன் மாமியாரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், ஆரத்தி சொட்டும் மதினியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று நடந்து வந்து கையை நீட்டினாள்.

"மதினி, அதை இங்கன குடுங்க."

"மாலதி, இது அரசாங்கக் கருவி…"

"வண்டியே அரசாங்க வண்டிதான். குடுங்க."

பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று அவளாகவே கண்டுகொண்டாள்.

"சார்! நான் மாலதி பேசுறேன். வெடி வேணும்னு கேட்டது நான்தான். சத்தமில்லாமச் சீர் வந்தா எங்க மாமியா வீட்டுல மதிக்க மாட்டாகன்னு அண்ணன் கையப் பிடிச்சுக் கெஞ்சுனது நான். மதினிகிட்டச் சொல்லக் கூடாதுன்னு புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனதும் நான்தான். பிடிக்கிறதுன்னா என்னையும் சேத்துப் பிடிங்க. ஆனா எங்க மதினி மேல ஒரு குத்தம் சொல்லக் கூடாது. அவுக இல்லேன்னா இன்னைக்கு இந்தத் தெருவே இல்ல. இன்னொண்ணு சார். சீரு அவுக வண்டியில வந்ததா யாராச்சும் சொன்னா நம்பாதீக. தண்ணி பிடிக்க வந்தாக."

முழுப் பந்தலும் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மாமியாரின் குரல் எழவே இல்லை. மாலதி பேசி முடித்தாள்; ஆனால் கருவியைத் தாழ்த்தவில்லை.

தெற்கே, கண்மாய்க் கரையின் மேல், மாவட்ட அலுவலரின் ஜீப் கிளப்பிய புழுதி எழுந்து ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. வண்டியின் கூரையில் இன்னும் நான்கைந்து தட்டுகள் இருந்தன. வாவு முகம்மது ஒரு கையில் வெல்லத்தட்டோடு ஏணியில் சிலையாக நின்றார்.

"மாலதி," என்றாள் பூங்கோதை தாழ்ந்த குரலில். "அமுத்துன விரலை எடு. அப்பத்தான் அவர் பேசுறது நமக்குக் கேக்கும்."

"தெரியும் மதினி," என்றாள் மாலதி, பொத்தானை இன்னும் அழுத்தியபடி. "அதுக்குத்தானே எடுக்காம வச்சிருக்கேன். நீங்க மொதல்ல மத்தத் தட்டையெல்லாம் இறக்குங்க."